தொட்டிக்குள் இருக்கும் காற்று

செத்துப்போன பீஸ் லில்லியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது வந்த வாடை இன்னும் நினைவில் இருக்கிறது. சாக்கடை வாடை. மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது. விரலை நாலு அங்குலம் உள்ளே விட்டால் சேறு. வேரெல்லாம் பழுப்பாகிக் கொழகொழத்துப் போயிருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம்.

அந்தச் செடிக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கடையில் 6 அங்குலக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில் வாங்கி வந்தேன். நன்றாக வளரட்டும் என்று 12 அங்குல வெள்ளைப் பீங்கான் தொட்டிக்கு மாற்றினேன். அடியில் ஓட்டை இல்லை. தண்ணீர் வடிந்து நிற்க இடம் வேண்டுமே என்று இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பி, அதன் மேல் செம்மண்ணும் எருவும் போட்டேன். இலை தொங்கினால் தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் தொங்கியது. மறுபடி ஊற்றினேன். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் தண்ணீருக்குள்ளேயே நின்றாலும் இலை வாடித்தான் தொங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் தொட்டி, மண் இரண்டையும் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இன்று எங்கள் சென்னை அடுக்ககத்தில், இரண்டாவது மாடியில், வீட்டுக்குள்ளும் பால்கனியிலுமாக முப்பது செடிகளுக்கு மேல் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான்: தொட்டிச் செடிக்கு நாம் தேர்ந்தெடுப்பது மண்ணை இல்லை, மண்ணுக்குள் இருக்கிற காற்றை.

அப்பாவுக்கு இதை ஒத்துக்கொள்வது சிரமமாக இருந்தது. மன்னார்குடிப் பக்கம் நெல் விவசாயம் செய்பவர். முதன்முதலில் நான் கோகோபீட் கட்டியை வாளியில் ஊறப்போட்டதைப் பார்த்துவிட்டு, "இது மண்ணே இல்லையேம்மா, தேங்கா மட்டைச் சக்கை. எங்க பக்கம் ரோட்டோரம் மலை மாதிரி கொட்டிக் கெடக்கும்" என்றார். வேருக்குக் காற்று வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் கேட்டது சரியான கேள்வி: "அப்ப நெல்லு? மாசக்கணக்கா தண்ணியிலயே நிக்குதே?"

நெல்லுக்கு அதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழல்கள் ஓடுகின்றன. இலை வாங்குகிற காற்று அந்த வழியாக அடிவேர் வரை இறங்குகிறது. வீட்டுக்குள் வைக்கிற செடிகள் பெரும்பாலானவற்றின் வேர்கள் தங்களைச் சுற்றியிருக்கும் இடுக்குகளிலிருந்துதான் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் மூச்சு அடைபடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அப்படியென்றால் கண்ணாடி பாட்டிலில் வெறும் தண்ணீரில் மணி பிளான்ட் வருடக்கணக்கில் எப்படி வளர்கிறது? தண்ணீரிலேயே முளைத்த வேர் அந்தச் சூழலுக்கு ஏற்ற மாதிரி உருவாகிறது, அது ஒன்று. சுத்தமான தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்ச ஆக்சிஜனுக்குப் போட்டி குறைவு. எரு கலந்த ஈர மண்ணிலோ கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் எருவை மட்கச் செய்துகொண்டே, இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் தின்று தீர்த்துவிடும். அந்தச் சாக்கடை வாடை அதனால் வந்ததுதான்.

அப்பாவுக்கு இது பிடிபட்டுவிட்டது. கோடை உழவில் நிலத்தைப் புழுதியாக்கிக் காயவிடுவது எதற்காக என்று அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூழாங்கல் விஷயத்தில்தான் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பது அவர் சிறு வயதிலிருந்து கேட்டு வந்தது. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

பாத்திரம் கழுவுகிற செவ்வகப் பஞ்சு ஒன்றை எடுத்து அவர் முன்னால் செய்து காட்டினேன். நீங்களும் செய்து பாருங்கள், ஒரு நிமிடம் கூட ஆகாது. பஞ்சை முழுக்க நனைத்து, பிழியாமல், உள்ளங்கை மேல் தட்டையாகப் படுக்க வையுங்கள். கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதே பஞ்சை நீளவாக்கில் நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி சொட்ட ஆரம்பிக்கும். கொட்டி முடித்த பிறகு தொட்டுப் பார்த்தால் மேல்பகுதியில் தண்ணீர் குறைந்திருக்கும், அடிப்பகுதி மட்டும் சொதசொதவென்று இருக்கும்.

தொட்டி மண்ணிலும் இதேதான் நடக்கிறது. தண்ணீர் வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மண் முழு ஈரமாகவே நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண்ணின் பருமன். பொடி மண் என்றால் அதிக உயரம், கரடுமுரடான கலவை என்றால் குறைந்த உயரம். தொட்டி குட்டையா நெட்டையா என்பது அதை மாற்றுவதில்லை. அடியில் கல் போட்டால், அந்த ஈரப்பகுதி கல்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். பொடி மண்ணில் ஒட்டிக்கொண்டிருக்கிற தண்ணீர், கல்லுக்கு நடுவே இருக்கும் பெரிய இடைவெளிக்குத் தானாக இறங்காது. நான் போட்ட இரண்டு அங்குலக் கூழாங்கல், பீஸ் லில்லியின் வேருக்குப் பக்கத்தில் சேற்றை இரண்டு அங்குலம் தூக்கிக் கொடுத்தது.

ஒரே கலவையைக் குட்டைத் தொட்டியில் போட்டால் பாதி மண் ஈரமாக நிற்கும், நெட்டைத் தொட்டியில் போட்டால் அடியில் ஒரு பங்கு மட்டும் நிற்கும். அகலமான அழகுக் கிண்ணங்களில் வைக்கிற செடிகள் ஏன் அத்தனை சீக்கிரம் அழுகுகின்றன என்பதற்கும் இதுதான் காரணம். வடிகால் வேண்டுமென்றால் கல்லை அடியில் போடாதீர்கள், சின்னச் சின்னத் துண்டுகளாகக் கலவை முழுவதிலும் கலந்துவிடுங்கள்.

அப்பா பஞ்சை வாங்கித் தானே மூன்று முறை செய்து பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கலவைக்கு வருவோம். செம்மண் கெட்ட மண் இல்லை. நிலத்தில் அதற்குக் கீழே எத்தனையோ அடி ஆழம் இருக்கிறது, மண்புழு இருக்கிறது, தண்ணீர் இறங்கிப் போக வழி இருக்கிறது. அதையே 8 அங்குல ஆழமுள்ள தொட்டிக்குள் அடைத்துத் தினமும் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் ஒரே வருடத்தில் இறுகி ஓடாகிவிடும். அதனால் வீட்டுக்குள் வைக்கிற செடிகளுக்குச் செம்மண்ணை முழுதாக விட்டுவிட்டேன். மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, பிலோடென்ட்ரான் எல்லாவற்றுக்கும் என் கலவை இதுதான்: கோகோபீட் இரண்டு பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைத் துகள்) அல்லது உடைத்த செங்கல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட் இரண்டும் தங்களுக்குள்ளேயே தண்ணீரைச் சேர்த்து வைப்பவை. அவற்றுக்குக் கரடான பொருள் பாதிக்குப் பாதி.

கோகோபீட்டை அலசாமல் போடாதீர்கள். தென்னை உப்பை ஏற்றுக்கொள்கிற மரம். மட்டையில் சோடியமும் பொட்டாசியமும் நிறையவே தங்கியிருக்கும். அதோடு, கோகோபீட் துகள்கள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு, நாம் உரத்தில் கொடுக்கிற கால்சியம், மெக்னீசியத்தைச் செடிக்கு விடாமல் தாங்கள் எடுத்துக்கொள்ளும். பொள்ளாச்சிப் பக்கம் ஏற்றுமதிக்குத் தயாரிப்பவர்கள் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அனுப்புகிறார்கள். உள்ளூர்க் கடையில் கிடைக்கும் எல்லாக் கட்டியும் அப்படி வருவதில்லை. உறையில் 'லோ இ.சி.' என்று போட்டிருந்தால் உப்பு குறைவானது என்று அர்த்தம். நான் எதுவாக இருந்தாலும் ஊறவைத்துப் பிழிந்து, மூன்று தண்ணீர் மாற்றிவிடுவேன். முதல் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்தில் வரும்.

பெர்லைட் விலை அதிகம், அதன் தூசி மூச்சுக்கும் ஆகாது. பையைத் திறக்கும்போதே கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக நான் அதிகம் பயன்படுத்துவது செங்கல்தான். எங்கள் தெருவில் எந்த வீட்டை இடித்தாலும் கிடைக்கும். சுத்தியலால் உடைத்து, சல்லடையில் சலித்து, மிளகிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை உள்ளதை மட்டும் எடுத்துக் கழுவி வைத்துக்கொள்வேன். சுண்ணாம்பு, சிமெண்ட் ஒட்டிய துண்டுகளைத் தள்ளிவிட வேண்டும். எம்-சாண்டை அப்படியே போட வேண்டாம். பாறையை அரைத்த தூசி அதில் நிறைய இருக்கும், நாம் காப்பாற்ற நினைக்கிற இடுக்குகளைத்தான் முதலில் அடைக்கும்.

அப்பா அடுத்த முறை வந்தபோது ஒரு மூட்டை கரியாக்கிய உமி கொண்டுவந்தார். ரைஸ் மில்லிலிருந்து உமியை வாங்கி, மூட்டம் போட்டு, சாம்பலாகிவிடாமல் கறுத்திருக்கும் பருவத்தில் தண்ணீர் தெளித்து அணைத்திருக்கிறார். எடையே இல்லை, காற்றோட்டம் பிரமாதம், லேசில் மட்காது. அன்றிலிருந்து என் கலவையில் அதற்கும் அரைப் பங்கு உண்டு. நான் பெர்லைட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காசு பெரும்பாலும் மிச்சமானது.

தொட்டியின் அளவில்தான் நம்மில் நிறையப் பேர் தவறுகிறோம். 6 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் என்றால் 'இரண்டு மடங்கு' என்று மனது கணக்குப் போடுகிறது. அகலம், நீளம், ஆழம் மூன்றும் இரட்டிப்பாவதால் கொள்ளளவு எட்டு மடங்கு. என் பீஸ் லில்லியின் வேர் எட்டில் ஒரு பங்கில் உட்கார்ந்திருந்தது, மீதி ஏழு பங்கு ஈரத்தைக் குடிக்க அங்கே ஆளே இல்லை. 6-லிருந்து 8 அங்குலம் போனாலே கொள்ளளவு இரண்டே கால் மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. இரண்டு அங்குலம் கூட்டினால் போதும். அடுத்த வருடம் மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா? தண்ணீர் ஊற்றுகிற கை யாருடையது என்பதைப் பொறுத்து நான் சொல்வேன். மண் தொட்டியின் சுவரே ஈரத்தை வெளியே விடும், பக்கவாட்டிலும் வேருக்குக் காற்று கிடைக்கும், அதிகமாக ஊற்றிவிட்டாலும் மன்னிக்கும். ஆனால் சென்னையின் மே மாதத்தில் பால்கனியில் ஒரே நாளில் வறண்டுவிடும். ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் இரண்டுக்கும் இப்போது நான் மண் தொட்டி தவிர வேறு வைப்பதில்லை. பீஸ் லில்லிக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டி. பீங்கான் தொட்டி பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் வெளித்தொட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி, தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து, முழுக்க வடிந்த பிறகு திரும்ப வைத்தால் அழகும் கெடாது, செடியும் கெடாது.

மண் தொட்டி வாங்கும்போது விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்தது கணீரென்று சத்தம் கொடுக்கும், வேகாதது மொத்தென்று இருக்கும், இரண்டு மழைக்கு உதிரும். மானாமதுரையில் கடம் செய்கிறவர்களின் காதுக்குத் தெரிகிற அளவு நமக்குத் தெரியாது, ஆனால் இந்த வித்தியாசம் யாருக்கும் கேட்கும். புதுத் தொட்டியை ஓர் இரவு தண்ணீரில் மூழ்க வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றுகிற முதல் தண்ணீரை அதுவே குடித்துவிடும். பானை மாதிரி வயிறு பெருத்து வாய் குறுகிய தொட்டியை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். வேர் வயிற்றை நிரப்பிய பிறகு செடியை எடுக்க ஒரே வழி தொட்டியை உடைப்பதுதான். போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும், தேய்த்துக் கழுவினால் போதும். அடி ஓட்டைக்கு அப்பா ஓட்டுச் சில்லு வைப்பார். நான் பழைய கொசுவலைத் துண்டு வைக்கிறேன். மண் ஒழுகாது, தண்ணீரும் தடைபடாது.

எப்போது மாற்றுவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வயலுக்குச் சொன்னது, ஆனால் சென்னையில் தொட்டி மாற்றவும் எனக்கு அதுதான் சரியாக அமைகிறது. கத்திரி வெயில் போயிருக்கும், சாயங்கால மழை தொடங்கியிருக்கும், வேர் ஓட வேண்டிய சூடும் இருக்கும். ஐப்பசி அடைமழையில் மாற்றினால் கலவை காயவே காயாது. தண்ணீர் ஊற்றியதும் நிற்காமல் அடியில் ஓடிவிடுகிறதா, ஓட்டை வழியே வேர் எட்டிப் பார்க்கிறதா, செடி தொட்டியை விட்டு மேலே எழும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அதைச் சும்மா விடுங்கள்.

நர்சரியிலிருந்து வாங்கிய செடிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து நம் ஊர்களுக்கு லாரி லாரியாகச் செடி வருகிறது. நான் வாங்கியவற்றில் பாதிக்கு வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் உருண்டை இருந்தது. நெடும்பயணத்துக்கு அது தேவை, இல்லாவிட்டால் வேர் உலர்ந்துவிடும். ஆனால் அந்த உருண்டையோடு அப்படியே கோகோபீட்டுக்குள் வைத்தால், சுற்றியுள்ள கலவை ஒரு வேகத்தில் காயும், களிமண் இன்னொரு வேகத்தில் காயும். ஒருமுறை களிமண் முழுக்க வறண்டு இறுகிவிட்டால் ஊற்றுகிற தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். அப்படி வந்த செடியை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, விரலால் பதமாகக் கரைத்து எடுத்துவிடுவேன்.

கைக்கு ஓர் எச்சரிக்கை. மணி பிளான்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, டிபன்பாக்கியா, மான்ஸ்டெரா, இசட் இசட் எல்லாமே நம் சேப்பங்கிழங்கு, சேனை, கருணையின் குடும்பம். அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இவற்றின் சாற்றிலும் இருக்கின்றன. என் பாட்டி சேனை நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்வார். நான் கையுறை போட்டுக்கொள்கிறேன், வெட்டிய கையோடு கண்ணைத் தொடுவதில்லை. சின்னக் குழந்தையும் பூனையும் இருக்கிற வீட்டில் இவற்றை உயரத்தில்தான் வைக்க வேண்டும்.

போன ஆடியில் எங்கள் ஸ்நேக் பிளான்ட் பிளாஸ்டிக் தொட்டியின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. கிழங்கு அந்த அளவுக்கு முட்டித் தள்ளியிருந்தது. இது நம் காட்டு மருளுக்கு உறவு. மருள் நாரில் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள், அந்தப் பலம் இதற்கும் உண்டு. அப்பாவும் நானும் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். தொட்டியை முழுக்க வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடந்த வேரை விரலால் பிரித்து, காய்ந்து போனதைக் கத்தரித்து, கிழங்கைக் கூரான கத்தியால் மூன்றாக வெட்டினேன். ஒவ்வொன்றிலும் வேரும் இலையும் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். மஞ்சள் ஓரம் உள்ள வகையை இப்படிக் கிழங்கோடு பிரித்தால்தான் ஓரம் நிலைக்கும், இலைத் துண்டை நட்டால் வெறும் பச்சையாகத்தான் முளைக்கும்.

வெட்டுவாய் காய இரண்டு நாள் நிழலில் போட்டுவைத்தோம். பிறகு பழைய ஆழத்திலேயே நட்டு, மேலே ஓர் அங்குலம் இடம் விட்டு, மண்ணை அழுத்தாமல் தொட்டியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினோம். அப்பாவின் கை பழக்கத்தில் அழுத்தப் போனது, நான் சொல்வதற்குள் அவரே எடுத்துக்கொண்டார். வேறு செடியாக இருந்தால் அன்றே அடியில் வடியும் வரை தண்ணீர் ஊற்றியிருப்பேன். இதற்கு ஒரு வாரம் கழித்துத்தான். உரம் எதற்குமே ஒரு மாதத்துக்கு வேண்டாம்.

மூன்றில் ஒன்றைத் துணிப்பையில் வைத்து அப்பா மன்னார்குடிக்குக் கொண்டுபோனார். வீட்டுத் திண்ணையில், மண் தொட்டியில், உமிக்கரியும் செங்கலும் கலந்து வைத்திருக்கிறார். முன்பெல்லாம் போனில் பேசும்போது "செடிக்குத் தண்ணி ஊத்தினியாம்மா?" என்பார். நேற்றுப் பேசியபோது, "அந்த லில்லித் தொட்டியத் தூக்கிப் பாத்தியா, கனமா இருக்கா லேசா இருக்கா?" என்று கேட்டார். தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது, ஊற்றவில்லை.